பொடி வந்த ஊர்ல ஏழு நாள்

செப்டம்பர் 20, சனி – ரயில்ல

ரூம்மேட் மூணு வருஷமா ஊருக்கு வாடா வாடான்னு கூப்டுட்டே இருந்தான், நானும் பொங்கலுக்கு அப்புறம், ஏப்ரலுக்கு அப்புறம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். அவன் ஊரு ஒடிசால பத்ரக் பக்கம் ஒரு கிராமம். இந்த வாட்டி லீவு சேந்தாப்புல கெடச்சதால சரின்னு கெளம்பியாச்சு. அவன் ரெண்டு நாள் முன்னாடியே போயிட்டான், நான் தனியா ரயில்ல.

கெளம்புறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு போன் பண்ணேன். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊரு, பன்னெண்டு மா நெலம், அதாவது நாலு ஏக்கர், அவருதான் இன்னமும் பாத்துக்கிறாரு. ஒடிசான்னதும் மனுஷன் குரலே மாறிடுச்சு. "கட்டாக் வழியாவா தம்பி போற? நம்ம சி.ஆர். 1009 அங்க உருவான நெல்லுதான்டா. அந்த சப் ஒன்னு, தண்ணிக்குள்ள கெடந்தாலும் சாவாத அந்த கொணம், அது எந்த ஊரு வயல்லேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுட்டு வா"ன்னாரு. ஊரு சுத்த போறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது.

ஆனா அவரு கேக்குறதுக்கு காரணம் இருக்கு. 2021 நவம்பர் மழைல எங்க பக்கம் சம்பா பயிர் மொத்தமும் தண்ணிக்குள்ள. அந்த வருஷம்தான் மொத தடவையா பாதி வயல்ல சி.ஆர். 1009 சப் 1 போட்டிருந்தாரு, அதுவும் ஏ.ஓ. (வேளாண் அலுவலர்) ஆபீஸ்ல மானியத்துல குடுத்தாங்கன்னு, நம்பிக்கைல இல்ல. பத்து நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சப்போ ரெண்டு பாதியும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, சேறு பூசுன மாதிரி பழுப்பா. அம்மா எல்லாம் போச்சுன்னு ஒக்காந்துட்டாங்க. ஒரு வாரம் ஆச்சு, ஒரு பாதி அழுகி நாத்தம் எடுத்துச்சு, இன்னொரு பாதில அடியிலேருந்து பச்சை வந்துச்சு. அப்பா அன்னிக்கு வீடியோ கால் போட்டு வயலையே காட்டிக்கிட்டு இருந்தாரு, ஒரு வார்த்தை பேசல.

ரயில்ல எதிர் சீட்ல ஒரு ரிட்டயர்டு சார், விசாகப்பட்டினம் போறாரு, விழுப்புரத்துக்காரரு. பேச்சு எங்கெங்கயோ போயி நெல்லுக்கு வந்துச்சு. "அது மரபணு மாத்துன அரிசியாச்சே தம்பி, அதைப்போயி சாப்புடுறீங்களா"ன்னு மொகத்த சுளிச்சாரு. இல்ல சார், இது அது இல்லன்னு சொல்லி, எனக்கு தெரிஞ்சத சொன்னேன். பி.டி. பருத்தில மண்ணுல இருக்குற பாக்டீரியாவோட மரபணுவ கொண்டுவந்து செடிக்குள்ள வெச்சாங்க, 2002லேருந்து நம்ம நாட்டுல இருக்கு, பி.டி. கத்திரிக்காயும் அதே மாதிரிதான், அத 2010ல மத்திய அரசு நிறுத்தி வெச்சுருச்சு. இதுல வெளி மரபணு எதுவும் இல்ல. நெல்லையும் நெல்லையும் ஒட்டு சேக்குறதுதான், நம்ம தாத்தா காலத்து வேலைதான், ஆனா பொறந்த நாத்துல எதுக்கு அந்த கொணம் இருக்குன்னு தண்ணில முக்கி பாத்து கண்டுபிடிக்காம, இலைல ஒரு துண்டு கிள்ளி அதோட டி.என்.ஏ.வுல பாத்துடுவாங்க. சார் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ஆனா விஜயவாடால எனக்கும் சேத்து தயிர் சாதம் வாங்குனாரு, காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு.

ராஜமுந்திரில பூதரேக்கு வாங்குனேன், அரிசி மாவுல காகிதம் மாதிரி போட்டு உள்ள வெல்லப்பொடி நெய்யி. பேன்ட்டெல்லாம் தூள். அதுக்கு முன்னாடி கோதாவரி பாலத்துலயே இருட்டிடுச்சு.

செப்டம்பர் 21, ஞாயிறு – கட்டாக்

ரயில் ரெண்டரை மணி நேரம் லேட்டு, அதுவே நல்லதாப் போச்சு, இல்லன்னா நடுராத்திரில எறங்கிருப்பேன். ஸ்டேஷன்லேருந்து லாட்ஜுக்கு ஆட்டோக்காரரு 200 கேட்டாரு, எனக்கு ஒடியா தெரியாது, இந்தியும் "கித்னா"வோட முடிஞ்சிடும், 150க்கு ஒத்துக்கிட்டேன். சாயங்காலம் அதே தூரத்த ஷேர் ஆட்டோல 20 ரூபாக்கு வந்தேன்.

கட்டாக் ஒரு மாதிரி நம்ம கும்பகோணம். சந்து சந்தா, எல்லா சந்துலயும் சாமி, எல்லா மூலைலயும் திங்கிற கடை. துர்கா பூஜைக்கு பந்தல் போட்டுட்டு இருக்காங்க, இங்க சாமிக்குப் பின்னாடி வெள்ளிக் கம்பி வேலைலயே பெரிய அலங்காரம் வெப்பாங்களாம், மூங்கில்தான் நிக்குது இப்போதைக்கு.

காலைலயே தஹிபரா ஆலுதம். தயிர் வடைய மோர் மாதிரி தண்ணியா இருக்குற தயிர்ல ஊறப்போட்டு, அது மேல காரமான உருளைக்கிழங்கு கொழம்பு, அதுமேல கொண்டக்கடலை மாதிரி பட்டாணி கொழம்பு, வெங்காயம், ஓமப்பொடி. சைக்கிள்ல ரெண்டு பெரிய பானைய கட்டிக்கிட்டு வர்றாரு, பிளேட்டு 30 ரூபா. தயிர் வடை மேல கொழம்பு ஊத்துறத பாத்து மொதல்ல எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ரெண்டாவது பிளேட்டும் வாங்குனேன். சாப்ட்டு முடிச்சு பிளேட்ட நீட்டுனா அவரு அந்த தயிர் தண்ணிய இன்னும் ஒரு கரண்டி ஊத்துறாரு, காசு இல்ல, குடிங்கன்னு கைய காட்டுறாரு. நம்மூர்ல ரசம் ரெண்டாவது தடவ கேட்டா பாக்குற பார்வை ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் சாப்ட்ட மப்புல நேரா நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆட்டோ புடிச்சு போயிட்டேன், பித்யாதர்பூர்னு ஊருக்கு வெளில. கேட்ல செக்யூரிட்டி என்னைய ஏற எறங்க பாத்துட்டு "சண்டே"ன்னாரு. ஆமால்ல. மெயில் போட்டு அனுமதி வாங்குனதே திங்கக்கெழமைக்குத்தான், நானா போயி நின்னது. திரும்ப ஆட்டோ கெடைக்காம முக்கா மணி நேரம் வெயில்ல நடந்தேன். செப்டம்பர் வெயில் இப்படி இருக்கும்னு யாரும் சொல்லல, சட்டை உடம்போட ஒட்டிக்கிச்சு, நாகப்பட்டினமே தேவல.

செப்டம்பர் 22, திங்கள் – இன்னமும் கட்டாக்

இன்னிக்கு உள்ள விட்டுட்டாங்க.

எனக்கு சுத்திக்காட்டுன தம்பிக்கு முப்பது வயசு இருக்கும், ஆராய்ச்சி மாணவர், தெலுங்குக்காரரு, கொஞ்சம் தமிழ் புரியும். உள்ள நுழைஞ்சதும் மொதல்ல அவரு சொன்னது, "சார் இந்த எடத்த ஆரம்பிச்சதே உங்காளுதான்." கே. ராமையா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துல வேல பாத்தவரு, 1946ல இந்த நிறுவனம் தொடங்குனப்போ மொத இயக்குநர். 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அப்புறம், நெல்லுக்குன்னு தனியா ஒரு எடம் வேணும்னு ஆரம்பிச்சது. எனக்கு இது தெரியாது. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சா இத்தன நாள் பத்து தடவையாவது சொல்லிருப்பாரு.

அப்பா கேட்ட கேள்விய கேட்டேன். தம்பி சிரிச்சிட்டு ஒரு செடிய காட்டுனாரு. ஒயரமா, ஒல்லியா, சொல்லப்போனா பாக்க லட்சணமே இல்லாத ஒரு நெல்லு. எஃப்.ஆர். 13ஏ. எஃப்.ஆர்.னா ஃப்ளட் ரெசிஸ்டன்ட், அவ்ளோதான், வெள்ளத்த தாங்குறது. ஒடிசா விவசாயிங்க பள்ளத்து வயல்ல காலங்காலமா போட்டுட்டு வந்த தலாபுட்டியான்னு ஒரு நாட்டு ரகம், அதுலேருந்து பொறுக்கி எடுத்தது. வெளைச்சல் கம்மி, அரிசியும் ஒண்ணும் பிரமாதம் இல்ல, ஆனா ரெண்டு வாரம் முழுசா தண்ணிக்குள்ள கெடந்தாலும் எந்திரிச்சு வரும். இது 1950கள்லயே எல்லாருக்கும் தெரியுமாம். தெரிஞ்சு என்ன பிரயோஜனம், இதோட நல்ல நெல்லுங்கள ஒட்டு சேத்தா வெள்ளத்த தாங்குற கொணத்தோட இதோட கெட்ட கொணமும் சேந்தே வந்துச்சு, விவசாயிங்க வாங்கல. இருபது முப்பது வருஷம் இப்படியே ஓடிப்போச்சு.

1996ல கலிஃபோர்னியால ரெண்டு விஞ்ஞானிங்க அந்த கொணம் நெல்லோட ஒம்பதாவது குரோமோசோம்ல ஒரு குறிப்பிட்ட எடத்துல உக்காந்திருக்குன்னு கண்டுபுடிச்சாங்க, சப் 1னு பேரு வெச்சாங்க. சப்னா சப்மெர்ஜன்ஸ், மூழ்குறது. எடம் தெரிஞ்சதும் வேல சுலபமாயிடுச்சு, அந்த துண்டு மட்டும் வந்தா போதும், மத்ததெல்லாம் வேணாம்னு ஒவ்வொரு தலமுறைலயும் டி.என்.ஏ. பாத்து கழிச்சுக்கிட்டே வரலாம். பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல ஸ்வர்ணாவோட ஒட்டு சேத்து, திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடவே சேத்து, கடைசில வந்தது ஸ்வர்ணா சப் 1. 2009ல இந்தியாவுல வெளியிட்டாங்க. ஸ்வர்ணா யாருதுன்னா ஆந்திரா மாருட்டேருல உருவானது, மேற்கு கோதாவரி, நேத்தைக்கு முந்தின நாள் நான் பூதரேக்கு தின்னுக்கிட்டே வந்தேனே அந்தப் பக்கம்தான்.

ஆக ஒடிசா பள்ளத்து வயல்ல கெடந்த ஒரு துண்டு கலிஃபோர்னியா, பிலிப்பைன்ஸ்லாம் சுத்திட்டு திரும்ப ஒடிசாவுக்கே வந்து, அப்டியே எங்க அப்பா வயல் வரைக்கும் வந்திருக்கு.

தம்பி அடுத்தது கூட்டிட்டு போனது ஒரு சிமெண்ட்டுத் தொட்டிக்கு. பயிர மண்ணோட வெச்சு தண்ணிய ரொப்பி மூழ்கடிச்சு பாக்குற தொட்டி. நாலு நாள் முன்னாடிதான் வடிச்சிருக்காங்க. ஒரு வரிசைல சாதா ரகம், நீளநீளமா வெளிறிப்போயி, எண்ணெ வெக்காத முடி மாதிரி மண்ணுல படுத்து கெடக்கு. பக்கத்து வரிசைல சப் 1 ரகம், குட்டையா, இலையெல்லாம் காஞ்சுபோயி, இதுவும் செத்த மாதிரிதான் தெரிஞ்சுச்சு. தம்பி குந்தி ஒக்காந்து காஞ்ச இலைய வெலக்கி தூருக்கு நடுவுல காட்டுனாரு. குண்டூசி மொன அளவுக்கு பச்சை. எங்க வீட்டு வீடியோ கால்ல நான் பாத்தது இதத்தான்.

ஏன் அப்படின்னா, செடி தண்ணிக்குள்ள போனதும் அதுக்குள்ள ஊறுற எத்திலீன்ற வாயு வெளில போக வழியில்லாம சேந்துடும். சாதா நெல்லு அத "மேல ஏறு, காத்து வாங்கு"ன்னு எடுத்துக்குது, இருக்குற மாவுச்சத்த எல்லாம் செலவழிச்சு விறுவிறுன்னு நீளுது. தண்ணி மட்டத்துக்கு மேல வந்துட்டா பொழைக்கும், வரலன்னா கையில காசு தீந்துரும், தண்ணி வடிஞ்சதும் நிக்கவே தெம்பு இல்லாம சாஞ்சுரும். சப் 1 இருக்குற செடி அந்த தகவல கேட்டுட்டு சும்மா இருந்துடுது. வளரல, செலவழிக்கல, தூங்குது. சின்ன வயசுல எங்க ஊரு கொளத்துல முங்கு போட்டி வெப்போம், கையக் கால அடிக்கிறவன் மொதல்ல மேல வந்துடுவான், படிக்கட்ட புடிச்சிக்கிட்டு அசையாம இருக்குறவன்தான் ஜெயிப்பான். அது மாதிரி. தம்பிகிட்ட இத சொன்னேன், நல்ல உதாரணம்னு நோட்டுல எழுதிக்கிட்டாரு, எனக்கு ஒரே பெரும.

மதியம் கேண்டீன்ல டால்மா, பருப்புல காய்கறி போட்டு செய்யிறது, நம்ம சாம்பார் புளிய மறந்துட்டா எப்படி இருக்கும் அப்டி. நல்லாத்தான் இருந்துச்சு.

செப்டம்பர் 23, செவ்வாய் – பத்ரக் வழியா கிராமம்

பஸ்ல மூணு மணி நேரம், அப்புறம் ரூம்மேட் பைக்ல ஒரு மணி நேரம், நடுவுல பஞ்சர். பஞ்சர் கடைக்காரரு வேலைய முடிச்சுட்டு ரூம்மேட்டு யாரு புள்ளன்னு விசாரிச்சாரு, தெரிஞ்சதும் 50 ரூபா சொன்னவரு 30 போதும்னாரு. ரூம்மேட் பிடிவாதமா 50 குடுத்தான்.

ஊருக்கு பக்கத்துல ஆறு, பேரு பைதரணி. வைதரணிதான். பாட்டி கருட புராணத்துல செத்தவங்க தாண்டுற ஆறுன்னு சொல்லுவாங்களே அதே பேரு. ரூம்மேட்கிட்ட சொன்னேன், "வருஷா வருஷம் எங்க ஊருக்குள்ளயே வருதுடா, தாண்டுறது என்ன"ன்னான்.

வீட்ல அவங்க அம்மாவ நான் மௌசின்னு கூப்டணும், சித்தி மாதிரி. வந்த ஒடனே கால் கழுவ செம்புல தண்ணி, அப்புறம் அரிசா பிட்டா. வாய்ல வெச்சதும் அட இது நம்ம அதிரசம். வெல்லம், அரிசி மாவு, அதே பதம், அதே எண்ணெய். நான் அதிரசம் அதிரசம்னு குதிச்சேன், மௌசிக்கு ஒண்ணும் புரியல, பசின்னு நெனச்சு இன்னும் நாலு வெச்சாங்க.

ராத்திரி திண்ணைல பக்கத்து வீட்டு மௌசா, சித்தப்பா மாதிரி, எழுவது வயசு இருக்கும், எங்கிட்ட கைய ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாரு, நடுநடுவுல "பொடி, பொடி"ன்னு வந்துச்சு. நான் இட்லிப்பொடியா, மூக்குப்பொடியான்னு யோசிக்கிறேன், ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஒடியாவுல பொடின்னா வெள்ளமாம். ஆகஸ்ட் கடைசில வந்த பொடி பத்தி சொல்லிட்டு இருந்திருக்காரு.

செப்டம்பர் 24, புதன் – வயல்

காலைல பக்காளா. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலைல கொஞ்சம் தயிர், உப்பு, பச்ச மொளகா, கூடவே வறுத்து நொறுக்குன வடகம், கீரப் பொரியல், ஒரு சின்ன மீன் வறுவல். பழைய சோறுதான். ஆனா இங்க அத மறைச்சு வெக்க மாட்டேங்குறாங்க, விருந்தாளிக்கே போடுறாங்க, எங்க வீட்ல சொந்தக்காரங்க வந்தா பழைய சோத்துப் பானைய உள்ள தள்ளிருவாங்க. மௌசி சொன்னது, பக்காளாவுக்கு ஸ்வர்ணா அரிசிதான், மத்தது போட்டா காலைல கொழகொழன்னு ஆயிடுமாம்.

இந்த ஒரு வார்த்தைலதான் எனக்கு மொத்தமும் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. வெள்ளம் தாங்குற நெல்லு ஏற்கனவே அவங்ககிட்ட இருந்துச்சு, ஆனா அந்த சோறு பிடிக்கல. பிடிச்ச சோத்துக்கு வெள்ளம் தாங்காது. யாரையும் சோத்த மாத்திக்கச் சொல்லாம, நடுற முறைய மாத்தச் சொல்லாம, அதே ஸ்வர்ணாவுக்குள்ள ஒரு துண்ட மட்டும் வெச்சுக் குடுத்துருக்காங்க. விதைய எடுத்து வெச்சு அடுத்த வருஷம் போட்டுக்கலாம், ஹைப்ரிட் மாதிரி வருஷா வருஷம் கடைக்கு ஓட வேணாம். அதான் பரவிருச்சு.

பொடி மௌசாவோட வயலுக்குப் போனோம். வரப்புல நடக்குறது எனக்குத் தெரியாத வேலையா என்னன்னு ஸ்டைலா போனேன், மூணாவது வரப்புல வழுக்கி முட்டி வரைக்கும் உள்ள. கால் வந்துச்சு, செருப்பு வரல. மௌசா தோள் வரைக்கும் கைய விட்டு துழாவி பாத்தாரு, கெடைக்கல, அறுப்புக்கு வா எடுத்துக்கலாம்னாரு.

அவருக்கு மூணு எடத்துல நெலம். மேட்டு வயல்ல தண்ணி நாலு நாள்தான், ஒண்ணும் ஆகல. நடு வயல்ல பதினோரு நாள். இப்ப போயி பாத்தா, தூர் கொஞ்சம் கம்மியா இருக்கே தவிர, நல்லா பச்சையா இடுப்பளவு நிக்குது, பதினோரு நாள் செத்துக் கெடந்த பயிர்னு சத்தியம் பண்ணாலும் நம்ப முடியாது. பள்ளத்து வயல்ல பத்தொம்பது நாள் தண்ணி நின்னுருக்கு. அங்க ஒண்ணும் இல்ல. ஆகாயத்தாமரையும் கோரையும். அதே விதை, அதே நாள் நட்டது. பதினாலு பதினேழு நாளுக்கு மேல போனா சப் ஒன்னும் கைய விரிச்சுரும். மௌசா அந்த வயல பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, கோரைய ஒண்ணு புடுங்கி பல்லு குத்துனாரு.

அப்பாவும் இப்படித்தான் ஒரு தடவ ஏமாந்தாரு. 2021 ஜனவரில, அதாவது நவம்பர் வெள்ளத்துக்கு பத்து மாசம் முன்னாடி, அறுவடைக்கு நின்ன சம்பா மேல மழ கொட்டி கதிரு சாஞ்சு தண்ணிலயே மொளச்சுப் போச்சு. சப் 1 வந்த பெறகு இனிமே அந்தக் கவல இல்லன்னு நெனச்சாரு. ஏ.ஓ.தான் தெளிவா சொன்னாரு, இது எளம்பயிருக்குத்தான்யா, கதிரு வந்த பெறகு வர்ற தண்ணிக்கு இது ஒண்ணும் பண்ணாதுன்னு. பாக்கெட்டுல வெள்ளத்த தாங்கும்னு மட்டுந்தான் போட்டிருக்கு, எந்த வெள்ளத்தன்னு போடல.

வீட்டுக்கு வந்ததும் மௌசா கொட்டாய்க்குள்ள போயி ரெண்டு நெல்லு கொண்டாந்து உள்ளங்கைல வெச்சு காட்டுனாரு. ஒண்ணு செம்பொன் கலரு, அது பழைய ஸ்வர்ணா, பேருக்கேத்த மாதிரி. இன்னொண்ணு வைக்கோல் கலரு, வெளுப்பா. அது சப் 1. உமிய நீக்கிட்டா அரிசி ஒண்ணுதான். மொத வருஷம் இத எடுத்துட்டுப் போனப்போ வியாபாரி இது ஸ்வர்ணா இல்ல, வேற என்னத்தையோ கலந்துருக்கன்னு மூட்டைக்கு கொறச்சுக் கேட்டிருக்கான். மௌசா அங்கயே ரெண்டு நெல்ல பல்லுல உரிச்சு அரிசிய கைல குடுத்துருக்காரு. கட்டாக் தம்பிக்கு போன் போட்டு கேட்டேன், ஏன் கலரு மாறுதுன்னு. சப் 1 துண்டுக்குப் பக்கத்துலயே உமி கலர தடுக்குற இன்னொரு மரபணு ஒட்டிக்கிட்டு இருக்காம், அதுவும் கூடவே வந்துருச்சுன்னாரு. டிக்கெட் எடுக்காம தொத்திக்கிட்டு வந்தது. ஆனா அதுவே இப்ப ஒதவியா இருக்கு, விதைல கலப்படம் இருந்தா கலர வெச்சே மௌசா கண்டுபுடிச்சுருவாரு. எங்க ஊரு பக்கம் ஒரு கடைல சப் 1னு சொல்லி சாதா சி.ஆர். வித்து அப்பா ஒரு வருஷம் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

தலாபுட்டியான்னு மௌசாகிட்ட கேட்டேன். ரெண்டு தடவ சொல்ல வெச்சாரு, என் உச்சரிப்பு அப்டி. அப்புறம் மௌசி பக்கம் திரும்பி ஏதோ சொன்னாரு, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. தாத்தா காலத்துப் பேராம், சிவப்பா பெரிசா சோறு ஆகும்னு அவரோட ஆத்தா சொல்லுவாங்களாம், அவரு வயல்ல அவரு பாத்ததே இல்லையாம்.

செப்டம்பர் 25, வியாழன் – மழை, வயிறு

ராத்திரிலேருந்து வயிறு சரியில்ல. எது பண்ணுச்சுன்னு தெரியல, பத்ரக் பஸ் ஸ்டாண்டுல குடிச்ச சர்பத்தா இருக்கும். மௌசி பக்காளா தண்ணிய மட்டும் வடிச்சு உப்பு போட்டு மூணு செம்பு குடுத்தாங்க. நீராகாரம். சாயங்காலம் எந்திரிச்சு ஒக்காந்தேன்.

வெளில மழ. வங்கக் கடல்ல தாழ்வு மண்டலம்னு டிவில காட்டுறாங்க, எல்லாரும் அமைதியா பாக்குறாங்க. ஊர்ல யாரும் பதறல, ஆனா மாட்ட மேட்டுக் கொட்டாய்க்கு மாத்திட்டாங்க.

ரூம்மேட் மெதுவா ஒரு விஷயம் சொன்னான். ஊருக்கு கீழ, ஆத்துக்கு பக்கத்துல இருக்குற வயலெல்லாம் தலித் தெருக்காரங்களோடது. நல்ல மேட்டு நெலம் அவங்களுக்கு எந்தக் காலத்துல யாரு குடுத்தா. அதனால வெள்ளம் வந்தா மொதல்ல மூழ்குறதும் கடைசில வடியிறதும் அவங்களோடது. பத்ரக், பாலேஸ்வர் ரெண்டு மாவட்டத்துலயும் 128 கிராமத்துல பண்ண ஆய்வு 2013ல வந்துச்சு, பத்து நாள் மூழ்குன வயல்ல சாதா ஸ்வர்ணாவ விட 45 சதவீதம் கூடுதல் வெளைச்சல்னு, அதுல அதிக பலன் இந்த பள்ளத்து வயல்காரங்களுக்குத்தான்னும் இருக்கு. "ஆனா மொத மொதல்ல விதை மூட்டை வந்தப்போ யாரு வீட்டுத் திண்ணைல எறக்குனாங்கன்னு நெனக்கிற? எங்க வீட்டுத் திண்ணைல"ன்னான். அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மழைய பாத்தோம்.

அவன் சொன்ன இன்னொன்னும் எனக்கு பிடிச்சிருந்துச்சு. முன்னாடியெல்லாம் பள்ளத்து வயல்ல ஒரம் போட மாட்டாங்களாம், எப்டியும் தண்ணி வந்து அடிச்சுட்டு போயிரும், எதுக்கு காச மண்ணுல கொட்டணும்னு. சப் 1 வந்த பெறகு தைரியமா யூரியா, டி.ஏ.பி. போடுறாங்க. வெள்ளம் வராத வருஷத்துலயும் வெளைச்சல் கூடுனதுக்கு இதான் காரணமாம். எங்க அப்பாவும் இதத்தான் பண்ணாரு, யாரும் சொல்லாமயே.

செப்டம்பர் 26, வெள்ளி – திரும்ப

கடைசி டிக்கெட் புவனேஸ்வர்லேருந்துதான் கெடச்சுச்சு, அதனால மறுபடியும் பஸ், மழைல கண்ணாடி மூட முடியாத ஜன்னல் சீட்டு. பஹாலால பஸ் நின்னுச்சு, ரோட்டோரம் வரிசையா ரசகுல்லா கடைங்க, பெரிய பெரிய அலுமினிய பாத்திரத்துல சூடா. வெள்ளையா இருக்காது, லேசா பழுப்பு, மெத்துன்னு இருக்கு, ஒண்ணு 10 ரூபா. கடைக்காரரு இலைத் தொன்னைல ரெண்டு வெச்சாரு, நான் வெறுங்காலோட நிக்குறத பாத்துட்டு அவரோட ரப்பர் செருப்ப கால்ல தள்ளி விட்டாரு, சாப்டுற வரைக்கும் போட்டுக்கோன்னு. மௌசி குடுத்த பழைய செருப்பு நேத்து மழைல வாரு அறுந்துருச்சு, பையில இருந்துச்சு.

செப்டம்பர் 27, சனி – ரயில்ல

ஓங்கோல் தாண்டுனதும் டவர் கெடச்சுச்சு, அப்பாவுக்கு போன் போட்டேன். ராமையா கதைய மொதல்ல சொன்னேன், அவரு எதிர்பாத்த மாதிரியே "ம்ம்"னுட்டு நிறுத்தி, இன்னொரு தடவ பேர சொல்லச் சொன்னாரு. தலாபுட்டியா, கலிஃபோர்னியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் சொன்னேன். உமி கலர சொன்னப்போ "அப்டியா, நம்ம சி.ஆர்.லயும் பாக்கணும்"னாரு. இங்க இன்னும் வெதக்கல, ஆத்துல தண்ணி வருது, திங்கக்கெழம ஆள் சொல்லிருக்கு, செருப்பு தொலஞ்சதுக்கு அம்மா திட்டுவான்னாரு.

அப்புறம், "அந்த மௌசாவோட வயல்ல எத்தன நாளுடா தண்ணி நின்னுச்சு?"

"நடு வயல்ல பதினோரு நாள்பா. பொழச்சிருச்சு. பள்ளத்துல பத்தொம்பது, அது போச்சு."

போன கீழ வெக்காம அம்மாகிட்ட கத்துறாரு, எனக்கு நல்லா கேக்குது. "ஏய், அங்க பதினோரு நாளாம்டி. நமக்கு பத்துதான்."